சரிவுத் தரையில் செய்த வில்

சலவை மெஷினைச் சமையலறைக்கு நகர்த்தியது ஒரு சனிக்கிழமை. இரண்டு பேர் தூக்கவேண்டிய பாரம். பல்லுக்காரர் அதன் அடியில் ஒரு பழைய போர்வையை விரித்து, பூனைக்குட்டியை வழிக்குக் கொண்டுவருவதுபோல் ஏதேதோ சொல்லிக்கொண்டே தனியாக இழுத்துப் போனார். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பதால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர். அவர் மனைவி பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர், ஆகவே டீச்சர்.

“அடுப்புக்குப் பக்கத்துல துணி சுத்தப்போகுது. யாராவது வந்தா என்னன்னு சொல்றது?” என்றார் டீச்சர்.

“ஒரே மாசம். அப்புறம் அது இடத்துக்கு அது வந்துடும்.”

“வில்லு வரலைன்னாலும்?”

“வரும்.”

டீச்சர் பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் மைதானத்துக்குப் போய் அம்பு விட்டவர். போன வருடம் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு மாதம் கழித்து மைதானத்துக்குப் போனார். அவருடைய பழைய வில்லை நெஞ்சுவரைகூட இழுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் அதை மாட்டினார். மறுநாள் அதன்மேல் குடையையும் மாட்டினார். அந்தக் குடையைப் பார்த்த பிறகுதான் பல்லுக்காரருக்குத் தூக்கம் போயிற்று.

இழுக்க இலகுவான ஒரு மர வில்லைத் தானே செய்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். பழைய வில்லை இழுக்கப் பதினெட்டு கிலோ பலம் வேண்டும். புதியதைப் பன்னிரண்டில் நிறுத்துவதாகக் கணக்கு.

“அடுத்த மாசம் முதல் ஞாயிறு மைதானத்துல பேரைப் புதுப்பிக்கணும்” என்று டீச்சர் சொல்லிவிட்டார். “அதுக்குள்ள வில்லு வந்தா வர்றேன். இல்லேன்னா பேரை எடுத்துடச் சொல்லிடுவேன். சும்மா வருஷா வருஷம் இழுத்துக்கிட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல.”

சலவை அறை ஆறடிக்கு ஒன்பதடி. ஒரு குழாய், மூலையில் தண்ணீர் போகும் ஓட்டை, உயரத்தில் சின்ன ஜன்னல். பழைய எழுதுமேசையை உள்ளே போட்டு, அதில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸைப் பொருத்தினார். மேசை ஆடியது. ஒரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தார். கீழே விழுந்த பென்சில் ஒவ்வொரு முறையும் ஓட்டை இருந்த மூலைக்கே உருண்டு போயிற்று. “எலி இழுக்குது போல” என்று சிரித்தார். அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஏணி செய்கிறவர் ஒருவர் இழை நேராக ஓடும் மூன்று சட்டங்களைப் பொறுக்கிக் கொடுத்திருந்தார். அதே மாதிரி மரம் இனி மூன்று மாதம் கழித்துத்தான் வரும். சட்டத்தை வைஸில் பூட்டினால் அதன் ஒரு முனை கதவைத் தாண்டி நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு டீச்சர் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார், லாரியில் கம்பி ஏற்றிப் போகிறவர்கள் கட்டுவதுபோல.

எதிர்ச் சுவரில் நின்ற பலகைதான் அந்தப் பட்டறையின் உயிர். பாதி செதுக்கிய வில்லின் பிடியை அதன் தலையில் படுக்க வைத்து, நாணில் கயிறு மாட்டி, கீழே உள்ள உருளை வழியாக இழுத்தால் வில்லின் இரண்டு கைகளும் கீழே வளையும். இரண்டும் ஒரே அளவு வளைகிறதா என்று பார்க்கப் பின்னால் சுவரில் குறுக்குக் கோடுகள். எந்தக் கை விறைப்பாக நிற்கிறதோ அதில் கொஞ்சம் சுரண்ட வேண்டும். பலகையை நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக நிறுத்திய மனிதர், கோடுகளை மட்டும் தரையிலிருந்து டேப்பால் அளந்து போட்டார். அழகான கோடுகள். பல் செய்கிற கை அல்லவா?

வேலை தொடங்குமுன் அவர் கீழ் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். அங்கே இருந்த நர்ஸுக்கு எப்போதும் இரவு வேலை. மாலை ஐந்துவரை தூங்குவாள்.

“தங்கச்சி, உன் தலைக்கு மேலதான் என் பட்டறை. நான் நாலு மணிக்கு வந்துடுவேன். அஞ்சு மணிவரைக்கும் சுரண்டி மட்டும். சத்தமே வராது. அரம், சுத்தியல் எல்லாம் அதுக்கப்புறம்.”

“அண்ணா, மேல குடியிருந்து சத்தத்துக்கு முன்னாடியே மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்” என்றாள் நர்ஸ் கொட்டாவிக்கு நடுவே.

சொன்னபடியே நடந்துகொண்டார். சுரண்டுகிறபோது மெதுவாகப் பாடுவார். ஆனால் பாட்டும் ஐந்துக்கு மேல்தான். முதல் சட்டம் இரண்டாம் வாரம் வளைந்தது. வலது கை விறைப்பாக நின்றது. சுரண்டினார். இன்னும் விறைப்பு. இன்னும் சுரண்டினார். கயிற்றை இழுத்தபோது வலது கை பட்டென்று முறிந்தது. இரண்டாம் சட்டமும் அதே இடத்தில் அதேபோல் போயிற்று.

“ரெண்டுக்கும் வலது பக்கம் பிடிவாதம். உங்க தம்பி மாதிரி” என்றார் மனைவியிடம்.

“என் தம்பி ஒடைஞ்சதில்லையே. மத்தவங்களைத்தான் ஒடைப்பான்.”

டீச்சர் சிரித்தாலும் அவர் மனதில் ஒரு முள் இருந்தது. கணவர் வீட்டில் இல்லாத ஒரு நாள் சலவை அறைக்குள் போய், இழுவையை அளக்கும் கொக்கித் தராசைச் சுவரில் மாட்டி வலது கையால் இழுத்துப் பார்த்தார். எட்டு கிலோ. அதற்குமேல் தோளில் கத்தி பாய்ந்ததுபோல் வலி. கணவர் செய்துகொண்டிருப்பதோ பன்னிரண்டு. சாயங்காலம் மாடிப்படியில் தோள் பயிற்சி செய்ய உதவிய நர்ஸிடம் மட்டும் சொன்னார்.

“அண்ணன்கிட்ட சொல்லிடுங்க அக்கா.”

“பாடிக்கிட்டே சுரண்டுறார். அதுல போய் எப்படி மண்ணைப் போடறது? ஞாயித்துக்கிழமை வரட்டும். அவர் திருப்திக்கு ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டு, முடியலைன்னு சொல்லிடறேன்.”

முதல் ஞாயிற்றுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கடைசிச் சட்டத்தின் வலது கையும் சொன்ன பேச்சைக் கேட்காமல் நின்றது. பல்லுக்காரர் சுரண்டியை எடுத்தார். கதவு தட்டப்பட்டது. கையில் வாளியோடு நர்ஸ்.

“அண்ணா, உங்க வில்லு கொஞ்சம் கொஞ்சமா என் குளியலறையில எறங்குது.”

வாளிக்குள் மரச்சீவல் மிதந்தது. தினமும் வேலை முடிந்ததும் அவர் தரையைக் கழுவி, சீவலையெல்லாம் அந்த ஓட்டைக்கே தள்ளிவிட்டிருந்தார். குழாய் அடைத்துக்கொண்டு கீழே ஒழுகியது. குடியிருப்புச் சங்கத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் பூட்டு விழுந்திருக்கும்.

“ஐயோ, தங்கச்சி…”

“பதறாதீங்க. தெரிஞ்ச குழாய்க்காரரை நானே கூட்டிட்டு வந்துட்டேன். ஒரு மாசமா என் தூக்கத்தைக் காப்பாத்தினீங்க, இது என்ன பெரிசு?”

குழாய்க்காரர் முழங்கால் போட்டு ஓட்டைக்குள் கையை விட்டு, குருவிக்கூடு அளவுக்குச் சீவலை வெளியே எடுத்தார். கையைக் கழுவிக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

“என்ன சார் இது, பள்ளிக்கூட நோட்டு மாதிரி கோடு? அதுவும் கோணலா?”

“கோணலா? டேப் வச்சு அளந்து போட்டதுங்க.”

“எங்கிருந்து அளந்தீங்க?”

“தரையிலேர்ந்து.”

குழாய்க்காரர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

“இது தண்ணி போற ரூம் சார். தரை சரிவா இல்லேன்னா தண்ணி எங்க போகும், மாடிக்கா?”

பல்லுக்காரர் மேசைக்கால் அட்டையைப் பார்த்தார். மூலையில் கிடந்த பென்சிலைப் பார்த்தார். பிறகு வில்லை எடுத்து, முனை மாற்றிப் பலகையில் வைத்துக் கயிற்றை இழுத்தார். இவ்வளவு நாள் இணக்கமாக இருந்த கை இப்போது விறைத்து நின்றது. மரத்தில் பிடிவாதம் இல்லை. நல்ல கையைத்தான் அவர் ஒரு மாதமாகத் தண்டித்துக்கொண்டிருந்தார்.

“எலி” என்றார் மெதுவாக. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

சுரண்டிய மரத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. வலது கை ஏற்கெனவே மெலிந்துவிட்டது. அதற்குச் சமமாக இடது கையையும் மெலிய வைப்பது ஒன்றே வழி. குழாய்க்காரர் போகிறபோது ரசமட்டத்தை விட்டுவிட்டுப் போனார். “ஞாயித்துக்கிழமைக்கு மேல கொடுங்க சார், அது எங்கே போயிடப்போகுது?” பல்லுக்காரர் பழைய கோடுகளை அழித்துப் புதியவை போட்டார். வேலையில் கை வைக்குமுன் எப்போதும் வேண்டிக்கொள்வதுபோல் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். பிறகு மூன்று நாளும் பாடாமல் சுரண்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம் வில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வளைந்தது. தராசில் மாட்டி இழுத்தபோது அவர் முகம் வாடிற்று. வில்லைச் சமையலறைக்கு எடுத்து வந்து மெஷின்மேல் வைத்தார்.

“எட்டு கிலோதான் வருது. சின்னப் பிள்ளைங்க வில்லு மாதிரி ஆயிடுச்சு. கடவுள்கிட்ட நான் பன்னிரண்டு கேட்டேன்.”

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வில்லை எடுத்தார். இடது கையால் பிடியைப் பற்றி, மூன்று விரலால் நாணைப் பிடித்தார். கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார். நாண் நெஞ்சைத் தாண்டித் தாடைவரை வந்து நின்றது. தோள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, நாணை மெதுவாகத் திரும்ப விட்டார்.

“நான் எட்டு கேட்டேன்” என்றார்.

“என்னது?”

“என் தோளு அவ்வளவுதாங்க தாங்கும். உங்க தராசுல இழுத்துப் பார்த்தேன். சொல்ல மனசு வரல.”

பல்லுக்காரர் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. சத்தம் கேட்டு நர்ஸ் கீழேயிருந்து, “என்ன, ஒடைஞ்சிடுச்சா?” என்று கத்தினாள்.

“இல்ல! நாளைக்கு மைதானத்துக்கு வர்றியா? வேலை முடிஞ்சு நேரா வா, நான் பேர் புதுப்பிக்கணும்!” என்று டீச்சர் ஜன்னல் வழியே பதில் கத்தினார்.

பல்லுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பழைய போர்வையைத் தேடி எடுத்தார். சொன்ன சொல் சொல்தான். மாதம் முடிந்துவிட்டது. மெஷினைக் கொஞ்சம் சாய்த்து, போர்வையை அடியில் நுழைக்கப் போனார்.

“என்ன பண்றீங்க?”

“மெஷினை அது இடத்துக்கு…”

“அது இங்கேயே கிடக்கட்டும்” என்றார் டீச்சர். “நர்ஸுக்கும் ஒரு வில்லு வேணுமாம், படியில பயிற்சி பண்றப்போ கேட்டா. அதுக்கு முன்னாடி அந்த ஓட்டைக்கு ஒரு வலை வாங்கிப் போடுங்க.”