நாளுக்கு நாற்பது

காலை ஐந்தரைக்கு எழுந்தான். குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தான். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, முகம் மழித்தான். காப்பி குடித்தான். இஸ்திரி போடாத சட்டையை மாட்டிக்கொண்டான். மனைவி போய் எட்டு மாதம். அதற்குப் பிறகு ஒரு காலைக்கும் இன்னொரு காலைக்கும் வித்தியாசம் கிடையாது.

துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையில் அவன் சுற்றுச்சூழல் அதிகாரி. பெயர்தான் பெரியது. தினமும் தண்ணீர் மீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் முக்கிய வேலை. அன்று தணிக்கை. தண்ணீரை எப்படிச் செலவழிக்கிறார்கள், கழிவை எங்கே விடுகிறார்கள் என்று பார்க்கத் துணி வாங்கும் கம்பெனி ஆள் அனுப்பியிருந்தது. தேறாவிட்டால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் முதலில் போவது அவன் வேலை.

மேலாளருக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்து, பச்சைப் பெயிண்ட். குழாய், பீப்பாய், கதவு, கைப்பிடி என்று போன வாரம் முழுக்க அடித்தார்கள். அசையாத எதையும் விடாதே என்று பெயிண்டருக்கு உத்தரவு.

"நல்லவேளை, நான் அப்பப்ப இருமிக்கிட்டே இருந்தேன்" என்றார் பாய்லர்காரர்.

மேலாளர் அவனைத் தனியே அழைத்தார். "தம்பி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க."

தணிக்கைக்கு வந்தவர் ஐம்பது வயது அம்மா. வாசலில் இருந்த பூந்தொட்டி வரிசையைப் பார்த்தார். "செடியெல்லாம் எப்ப வச்சது?"

"வருஷக்கணக்கா இருக்கு மேடம்" என்றார் மேலாளர்.

அந்த அம்மா குனிந்து, ஒரு தொட்டியில் தொங்கிய விலைச்சீட்டைப் பிய்த்து மேலாளர் கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கங்க. பழைய பொருள்."

அடுத்தது பதிவேடு. பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு அவனைப் பார்த்தார். "நீங்கதான் எழுதறீங்களா? நாளுக்கு நாப்பது யூனிட். அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. லீவு நாள்லயும் நாப்பது. யாரு வந்து குளிச்சா?"

பாய்லர்காரர் இருமினார்.

"சரி, மீட்டரக் காட்டுங்க."

மீட்டர், குழாயின்மேல் பச்சை ஆமை மாதிரி உட்கார்ந்திருந்தது. எண் தெரியும் கண்ணாடியும் பச்சை.

"இத எப்ப அடிச்சது?"

"வெள்ளிக்கிழமை" என்றார் பெயிண்டர், பெருமையாக. "ரெண்டு கோட்டு."

அன்று புதன். பதிவேட்டில் அன்று காலை வரை கணக்கு இருந்தது.

"தம்பிக்கு அனுபவம் மேடம்" என்றார் மேலாளர். "பாக்காமலே சொல்லிடுவாரு."

அவன் மீட்டரைப் பார்த்தான். "நான் பாக்கறதே இல்ல. எட்டு மாசமா நேத்து எண்ணோட நாப்பதக் கூட்டி எழுதறேன். இதுக்குப் பெயிண்ட் அடிச்சதே இப்பதான் தெரியும்."

மேலாளர் வானத்தைப் பார்த்தார். அது மட்டும்தான் பெயிண்ட் அடிக்காமல் இருந்தது.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி?"

"தினமும் பாத்தேன். அப்ப என் மனைவி இருந்தா."

அந்த அம்மா சாவியை எடுத்துக் கண்ணாடியைச் சுரண்டினார். உள்ளே முள் விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம். எல்லா இயந்திரங்களும் நின்றிருந்தன.

"இது யாருக்காகச் சுத்துது?"

குழாய் போகும் வழியிலேயே நடந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குப் புல். காலை வைத்தால் சொதசொதவென்று இறங்கியது. மண்ணுக்கடியில் குழாய் உடைந்து மாதக்கணக்காக ஒழுகியிருக்கிறது.

"இங்கயும் பெயிண்டுதான் அடிச்சிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார் பாய்லர்காரர்.

கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார்: "பொய்க் கணக்கு பெரிய குறை. எழுதத்தான் போறேன். ஒரு மாசத்துல குழாயச் சரி பண்ணுங்க. தினமும் மீட்டரப் படம் எடுத்து அனுப்புங்க. அதுவரைக்கும் ஆர்டர் நிக்கும், போகாது." பிறகு மேலாளரிடம், "படத்த இவரே எடுக்கட்டும். கேட்டதுக்கு உள்ளதச் சொன்னது இவர் ஒருத்தர்தான்."

சாயங்காலம் வீட்டில் முகம் கழுவும்போது அத்தையின் போன் வந்தது. அவருடைய மகள்தான் அவன் மனைவி. எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலை வேலைக்குக் கிளம்பிப் போனவள், தெருமுனையில் லாரி மோதி, திரும்பவில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று வந்தவரெல்லாம் கேட்டுத் துளைத்தார்கள். 'உடம்பப் பாத்துக்கங்க' என்றாள் என்று அவன் சொல்லிவைத்தான். அத்தை அதை அவள் படத்துக்குக் கீழே அச்சடித்து மாட்டிவிட்டார்.

"உடம்பப் பாத்துக்கறீங்களா மாப்பிள்ள? கடைசியா அவ சொன்னது அதுதான."

"அத்தை, அவ அப்படிச் சொல்லல. நானாச் சொன்னது."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "பின்ன என்னதான் சொன்னா?"

அவள் போன அன்று காலை அவன் முகம் மழித்துக்கொண்டிருந்தான். அவள் வாசலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது அது. அவன் அப்படியே சொன்னான்.

"ஊருக்கே மீட்டர் பாக்கறாரு, வீட்ல தண்ணி ஓடுறது தெரியல. குழாய மூடுங்க."