நாலரையிலிருந்து ஐந்தரைக்கு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது என் அக்காவின் கதை. அவளைக் கேட்காமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கேட்டால் உனக்கு வேற வேலையே இல்லையா என்பாள். போன வாரம் பக்கத்து வீட்டில் யாரோ தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததுதான் தாமதம், அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தமும் வந்து என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டன. அன்றைக்கு அடுப்பில் இருந்தது தீய்ந்துபோனது.

முதல் தொடக்கம்: "அந்தத் துப்பாக்கி சுவரில்—"

வேண்டாம். துப்பாக்கி என்றதும் நீங்கள் பிணத்தைத் தேட ஆரம்பிப்பீர்கள். இது ஏர் ரைஃபிள். காற்றால் ஒரு சின்ன ஈயக் குண்டைத் தள்ளி, அட்டையில் ஓட்டை போடும். இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "அக்கா குறி பார்த்தால் வீடே மூச்சை அடக்கும்."

இது பரவாயில்லை. ரைஃபிளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டுத் துடைப்பாள். மின்விசிறியை நிறுத்தச் சொல்வாள். குக்கரை இறக்கச் சொல்வாள். பின்வாசலில் நின்று, கடைசிச் சுவரோரம் மணல் மூட்டையில் குத்தியிருக்கும், நடுவில் பத்து, சுற்றிலும் ஒன்பது, எட்டு என்று வட்டம் போட்ட அட்டையைச் சுடுவாள். ஒரு "டப்". அட்டையை எடுத்துவர ஓடுவது தங்கச்சியாகிய நான். ஈயம் பட்டுச் சாம்பல் பூத்த விரல்களோடு அவள் என் கன்னத்தைக் கிள்ளுவாள். அந்த அழுக்கைக் கழுவ எனக்கு மனசே வராது. எவ்வளவு நல்ல நாட்கள், சொன்னால் நம்பமாட்டீர்கள்.

2

இப்போது மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். முதல் வரைவில் இவரை லிஃப்ட் மெக்கானிக்காக எழுதியிருந்தேன். நிஜத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இது கண் சம்பந்தப்பட்ட கதை. இதில் கண்ணாடிக் கடைக்காரர் வந்தால் நானே வேண்டுமென்று கொண்டுவந்து நிறுத்திய மாதிரி இருக்குமே என்று பயந்தேன். ஆனால் லிஃப்ட் மெக்கானிக் கையில் சுண்டுவிரல் நீள ஸ்க்ரூடிரைவர் எப்படி வரும்? அடித்துவிட்டேன். நடந்ததே அப்படி நடந்தால் நான் என்ன செய்ய?

(இன்னொரு சந்தேகம். மாமா ரொம்ப நல்லவராகத் தெரிந்துவிடுவார் போலிருக்கிறது. ஆகவே குறித்துக்கொள்ளுங்கள்: சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். அடுத்தவர் விஷயம் எதுவானாலும் குடைந்து குடைந்து கேட்பார்.)

இந்தக் கதை நடந்த வருஷம் அக்கா சுடுவதை நிறுத்திவிட்டாள். தோள் வலி என்றாள். நாங்கள் தைலம் வாங்கிக் கொடுத்தோம், அவளும் தேய்த்துக்கொண்டாள். மாமா மட்டும் நம்பவில்லை. கடைசியாகச் சுட்ட நாட்களில் அட்டையைக் கையில் வாங்கி, ஓட்டை எங்கே என்று அவள் விரலால் தடவித் தேடியதை அவர் பார்த்திருந்தார். எதிரே உட்கார்ந்து பேசும்போது நேராகப் பார்க்காமல் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு பார்ப்பதையும் கவனித்திருந்தார். நடுப்பார்வை மங்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம். அது கண்ணாடி போட்டுச் சரியாகிற கோளாறு இல்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்ட மனுஷன் சொந்த வீட்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அக்கா வாயே திறக்கவில்லை. சொன்னால் நாங்கள் எல்லாரும் கையைப் பிடித்து நடத்த ஆரம்பித்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். நாங்கள் அப்படித்தான் செய்திருப்போம்.

3

ஒருநாள் மாமா என் வீட்டுக்கு வந்தார். நாலரை மில்லிமீட்டர் ரைஃபிளை ஐந்தரை ஆக்கப்போவதாகச் சொன்னார். அதே மாடலுக்குப் பெரிய துளை வைத்த குழல் தனியாகக் கிடைக்கிறதாம். பழைய குழலைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால் குண்டும் பெரிது, ஓட்டையும் பெரிது. தான் சுட்டது எங்கே பட்டது என்று அக்காவே பார்த்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"ஒரு மில்லிமீட்டர்ல என்ன மாமா தெரிஞ்சிடப் போகுது?"

"கால் பவருக்காக என் கடையில சண்டை போட்டவங்க இருக்காங்க. ஒரு மில்லின்னா சும்மாவா?"

அக்காவைக் கடைத்தெருவுக்கு இழுத்துப்போவது என் பொறுப்பு. வாங்கும் உத்தேசமே இல்லாமல் செருப்பு செருப்பாகப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் மாமா சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து, அந்தக் குட்டி ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ரைஃபிளைப் பிரித்தார். ஒரு வாஷர் உருண்டு ஃபிரிஜ்ஜுக்கு அடியில் போய்விட்டது. ஃபிரிஜ்ஜை நகர்த்தி எடுத்தார், திரும்ப நேராக வைக்க மறந்துவிட்டார். நாங்கள் வந்தபோது ரைஃபிள் தன் இடத்தில் சமர்த்தாக மாட்டியிருந்தது. அக்கா நேரே போய் ஃபிரிஜ்ஜில் இடுப்பை இடித்துக்கொண்டாள். மாமாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

(குழல் மாற்றும் முறையை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கிழித்துப்போட்டேன். எந்தத் திருகு எங்கே என்று மாமாவே பாதி நாள் முழித்திருக்கிறார். அவர் சொல்லிக் கேட்டவள் நான். என்னை நம்பி யாரும் எதையும் பிரிக்காதீர்கள்.)

4

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தடவை சுடச் சொல்லி மாமா நச்சரித்தார். தொல்லை தாங்காமல் அக்கா எழுந்தாள்.

எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டவர் ஒன்றைக் கோட்டைவிட்டார். புதிய குண்டு டப்பாவை மேஜைமேல் வைத்தாரே தவிர, அக்காவின் கைப்பையை மறந்துவிட்டார். சுடுவதை விட்டவள் குண்டு டப்பாவை விடவில்லை. பையிலிருந்து பழைய குண்டு ஒன்றை எடுத்து, ரைஃபிளை மடக்கி, எப்போதும் போல உள்ளே வைத்தாள். சின்னக் குண்டு பெரிய குழலுக்குள் அப்படியே வழுக்கிக்கொண்டு போய், மறுமுனை வழியாகத் தரையில் விழுந்தது. "டிங்."

குட்டு வெளிப்பட்டது. அக்கா குழலின் வாயைச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தாள்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"எங்க பட்டுதுன்னு உனக்கே தெரியட்டும்னுதான்."

"எப்ப இருந்து தெரியும்?"

"நீ என்னை ஓரமா பாக்க ஆரம்பிச்சதுல இருந்து."

 

5

முடிவு அ: அக்கா உடைந்து அழுகிறாள், மாமா அவளை அணைத்து— சீ, எங்கள் வீட்டில் யாரும் இன்னொருவர் எதிரில் அப்படியெல்லாம்—

முடிவு ஆ: ரைஃபிளை வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறாள். அன்றைக்கு நான் எதிர்பார்த்தது இதைத்தான்.

நடந்தது வேறு. மேஜையிலிருந்த பெரிய குண்டை எடுத்துப் போட்டாள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். சுட்டாள். சத்தம் முன்னைவிடக் கனமாக இருந்தது. முகத்தை லேசாகத் திருப்பி அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க?" என்றார் மாமா.

"ஒன்பது. கொஞ்சம் மேல."

அவர் அட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, நான் சொல்லலை?" என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டு டீ போடப் போய்விட்டார்.

6

இதுவரை எழுதியதை நேற்று அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணைப் பற்றிய பத்தியை நைசாகத் தாண்டினேன். "எதையோ முழுங்கிட்ட," என்றாள். திரும்பப் போய் வாசித்தேன்.  செருப்புக் கடையில் எனக்கு ஒரு சிவப்பு ஜோடி பிடித்திருந்ததாம், அதைச் சேர்க்கச் சொன்னாள். அது எனக்குப் பிடிக்கவில்லை, சேர்க்கவில்லை.

முடிவுக்கு வந்ததும் அட்டையைப் பற்றி எழுதவா என்று கேட்டேன்.

"அவர் கேட்டார், நான் சொன்னேன். அவர் நம்பிட்டார். அதோட நிறுத்திக்கோ."

நிறுத்திவிட்டேன். அன்றைக்கும் அட்டையை எடுத்துவரப் போனவள் நான்தான். ஓட்டை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் குடைந்து கேட்கும் மாமா, இத்தனை வருஷத்தில் அதை மட்டும் என்னிடம் கேட்டதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். உங்களுக்கு ஒரு எண் இல்லாமல் தூக்கம் வராது என்றால் நீங்களே ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.