எல்லாம் பழுப்புதான்

...நின்றுவிட்டது, அதுதான், வேறொன்றுமில்லை, சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுபவர்கள் உண்டு, நான் சத்தம் நின்றதால் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், சோபாவில் கோணலாகப் படுத்ததில் கழுத்து வேறு பிடித்துக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவில் ஒரு ஸ்கூட்டர் கூட இல்லை, வீடு இவ்வளவு அமைதியாக இருந்து எத்தனை நாளாயிற்று... பின் அறையில் கல்லை உருட்டி மெருகேற்றும் அந்த மெஷின் வாரக்கணக்காக ஓடிக்கொண்டே இருந்தது, கறுப்பு ரப்பர் டிரம்முக்குள் கல்லும் பொடியும் தண்ணீரும், பல்லில்லாத ஒருவர் எதையோ வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டே இருப்பதுபோல ஒரு சத்தம், சமைக்கும்போதும் குளிக்கும்போதும் தூங்கும்போதும், முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, பிறகு அது இல்லாவிட்டால் என் தம்பியை நினைக்க வேண்டி வருமே என்று அதையே பிடித்துக்கொண்டேன், இப்போது அதுவும் நின்றுவிட்டது. பாலைவனத்தில் கல் பொறுக்கப் போன இருவரில் ஒருவர்தான் திரும்பி வந்தார். வந்தவர் என் கணவர். வராதவன் என் தம்பி. வந்த கற்கள்தான் அந்த டிரம்மில் உருண்டுகொண்டிருந்தன.

எழுந்து போகாமல் முடியுமா, எரிந்த வாடை வந்தாலும் வரும், அந்தக் குட்டி மோட்டார் சூடேறினால் ரப்பர் நாற்றம் அடிக்கும்... அவர் கடையில் இருக்கிறார், டயர் கடைக்கு ஏது ஞாயிறு, பஞ்சர் கிழமை பார்த்தா ஆகிறது, காலையில் கிளம்பும்போதுகூடச் சொன்னார், "அதை நீ தொட வேணாம், சாயங்காலம் நானே வந்து கழுவிக்கறேன்" என்று. இந்த ஒரு மாதமாக இதையேதான் சொல்கிறார். கரடுமுரடான பொடி போட்டு உருட்டியதும் அவரே, கழுவி அடுத்த பொடி போட்டதும் அவரே, கதவைச் சாத்திக்கொண்டு, "உனக்குக் கஷ்டமா இருக்கும்மா, நீ இந்தப் பக்கமே வராத" என்று அவ்வளவு இதமாக. இதமாகத்தான் சொன்னார், நான் ஏன் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்? கதவைத் திறந்தால் ஒன்றுமில்லை, பெல்ட் அறுந்து தரையில் புழுவைப்போலச் சுருண்டு கிடந்தது, மோட்டார் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, ஸ்விட்சை அணைத்தேன். போகலாம், வேலை முடிந்தது. ஆனால் பாலிஷ் பொடி அப்படியே நின்றால் அடியில் இறங்கிக் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டினாலும் போகாது, மாதம் முழுக்க உருட்டியது வீண், இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே தம்பிதான், ஒருமுறை அந்தச் சேற்றை அவன் பாத்ரூம் கழிவுக்குழாயில் ஊற்றி அது சிமென்ட்டாக இறுகி, பிளம்பர் வந்து குழாயை உடைத்து, "யாருங்க இதுல கட்டடம் கட்டினது" என்று கேட்க, என்னமாய்ச் சிரித்தான் அன்றைக்கு. டிரம்மைத் தூக்கினேன். கனமாக இருந்தது. மூடியில் சிவப்புப் பொட்டு இருந்தது.

அந்தப் பொட்டு நான் வைத்தது, என் நகப்பூச்சில், தம்பியின் டிரம் என்று அடையாளத்துக்கு. மெஷினில் இரண்டு டிரம் ஏறும், ஒன்று அவருக்கு, ஒன்று தம்பிக்கு, இருவர் கற்களும் கலந்துவிடக் கூடாது, கலந்தால் சண்டை. இப்போது பொட்டில்லாத டிரம் காலியாகச் சுவரோரம் கவிழ்ந்து கிடக்கிறது, அவர் எடுத்தது தம்பியுடையதை. வேண்டுமென்றா? இல்லை, அவருக்கு அந்தப் பொட்டே தெரியாது, கறுப்பில் வைத்த சிவப்பு அவர் கண்ணுக்குக் கறுப்புதான். பிறவியிலேயே அப்படி. சிவப்பு என்று ஒன்று இருப்பதே அவருக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். ரயில் ஓட்ட ஆசைப்பட்டு, கலர்ப் புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்ன கண் பரீட்சையில் தோற்று, கடைசியில் டயர் கடைக்கு மேனேஜராக வந்தார். "கரெக்டான வேலைதான் அத்தான், எல்லாமே கறுப்பு, தப்பு வரவே வராது" என்பான் தம்பி. நானோ துணி திருத்தும் கடையில் துணியின் நிறத்துக்கு நூல் பொருத்துகிறவள், ஒரு சிவப்புக்குள் இருபது சிவப்பு பார்ப்பவள், என்ன பொருத்தம் பார்த்து எங்களைச் சேர்த்தார்களோ. காலையில் சாக்ஸிலிருந்து எல்லாம் என்னைத்தான் கேட்பார், "இது என்ன கலர்?" என்று. ஒரே ஒரு தடவை நான் அடுப்படியில் இருந்தபோது தம்பியைக் கேட்டார், முதலாளி வீட்டு இழவுக்குப் போவதற்கு ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு. "சாம்பல் கலர் அத்தான், பிரமாதம்" என்றான் இவன். இளஞ்சிவப்பு. பிள்ளைகள் பிறந்தநாளுக்குப் போடுகிற சிவப்பு. அங்கே எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள், கடைசியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி மேஜையில் விரித்து, என் பெரிய கத்தரிக்கோலால், அளவெடுத்ததுபோல ஒரே மாதிரி சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கினார், "கல் துடைக்க ஆகும்" என்றார். தம்பி சிரித்தான். அவரும் பிறகு சிரித்தார் என்றுதான் நினைவு... சிரித்தாரா? அந்தத் துணிதான் இதோ அலமாரியில், ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

மூடியைத் திருகியதும் உள்ளிருந்து காற்று ஸ்ஸென்று வெளியே வந்தது, பொடியும் தண்ணீரும் ஒன்றாகக் கிடந்தால் கொஞ்சம் காற்று சேரும், சகஜம்தான், ஆனாலும் யாரோ வெகுநேரம் அடக்கிய மூச்சை என் முகத்தில் விட்டதுபோல இருக்க ஒரு அடி பின்னால் போனேன். அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். போலீஸிடம் ஒருமுறை, அம்மாவிடம் ஒருமுறை, என்னிடம் கேட்கும்போதெல்லாம், ஒரு சொல் பிசகாமல். "வண்டிய நிறுத்தினதும் அவன் அந்தப் பக்கம் போயிட்டான், நான் இந்தப் பக்கம். அவன் பையோட போனான். மத்தியானம் வரைக்கும் நான் பொறுக்கிட்டிருந்தேன். வந்து பாத்தா அவன் இல்ல." கூப்பிட்டிருக்கிறார், ஹாரன் அடித்திருக்கிறார், இருட்டும்வரை தேடியிருக்கிறார். பிறகு நாய்களோடு வந்து தேடினார்கள், ஹெலிகாப்டர் வந்தது, அவனும் இல்லை, அவன் பையும் இல்லை. இவருடைய பையைப் போலீஸ்காரர் திறந்து பார்த்தார், தூசி படிந்த கல், எல்லாம் ஒரே மண் நிறம், மூடிக் கொடுத்துவிட்டார். கல்லில் யார் எதைப் பார்ப்பார்கள்? தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் சொன்ன வாரம்தான் இவர் மெஷினை ஓடவிட்டார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "எப்படிடி அவருக்கு மனசு வருது?" என்றாள். மனசு கேட்காமல்தான் செய்கிறார் என்று நானே பரிந்து பேசினேன். நானேதான்.

சல்லடையை வாளிமேல் வைத்துக் கவிழ்த்தேன், வெள்ளைச் சேறு பொதபொதவென்று இறங்கியது, அதற்குள் கற்கள், மாவில் முக்கியெடுத்ததுபோல ஒன்றும் தெரியவில்லை. குவளையில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன், ஒரு ஊற்று... கை அப்படியே நின்றுவிட்டது. சிவப்பு. இன்னொரு குவளை ஊற்றினேன், சிவப்பு. விரலால் கிளறினேன், செங்கல் சிவப்பு, மாதுளைச் சிவப்பு, காய்ந்த ரத்தத்தின் சிவப்பு, கறுப்புக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வந்த சிவப்பு, எங்கள் கடையில் பெயர் வைத்த சிவப்பும் பெயர் வைக்காத சிவப்பும். மேஜையில் துண்டை விரித்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். துடைத்த பிறகும் ஈரமாகத் தெரிந்தால் பாலிஷ் ஏறிவிட்டது என்று அர்த்தம், எல்லாம் ஈரமாகத் தெரிந்தன. மறுபடி துடைத்தேன். ஈரமாகத்தான் தெரிந்தன. தம்பி கல்லை நக்கிப் பார்ப்பான், பொறுக்குகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான், காய்ந்த கல்லில் நிறம் தெரியாது, எச்சில் பட்டால் தெரியும், சிவப்பாக இருந்தால் பையில், இல்லாவிட்டால் தூக்கி எறிவான், "வாயெல்லாம் மண்ணுடா, வயித்து வலி வந்தா என்கிட்ட வராத" என்று நான் திட்டுவேன். இப்போது மேஜை முழுக்க, அவன் இந்த நிமிஷம்தான் நக்கிக் கீழே வைத்ததுபோல. தோளில் இருந்த துணிகூடச் சிவப்பின் தங்கை. பயமாக இருந்தது, பட்டப்பகலில், என் வீட்டில், கல்லைப் பார்த்து.

சரி, நிதானமாக யோசி. அந்த இடத்தில் எல்லாமே சிவப்புக் கல்லாக இருந்திருக்கலாம், எதை அள்ளினாலும் சிவப்பு. இருக்கலாம். ஆனால் அவர் அள்ளுகிறவர் இல்லையே, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, வெளிச்சம் ஊடுருவுகிற கல்லைத்தான் எடுப்பார், இல்லாவிட்டால் வரி வரியாக ஓடுகிற கல், நிறம் அவரை ஏமாற்றும், வெளிச்சம் ஏமாற்றாது என்பார், இத்தனை வருடத்தில் அவர் டிரம்மிலிருந்து வந்ததெல்லாம் வெள்ளையும் சாம்பலும் தேன்நிறமும்தான். இங்கே வெளிச்சம் விடுகிற கல் ஒன்றுகூட இல்லை. வரி உள்ளது ஒன்றுகூட இல்லை. தப்பித்தவறி ஒரு பழுப்பு? அதுவும் இல்லை. இது தேடித் தேடிப் பொறுக்கியவனுடைய பை. கண்ணும் நாக்கும் வைத்துப் பொறுக்கியது. அப்படியானால் அவன் பையோடு போகவில்லை, அல்லது போய்த் திரும்பி வந்திருக்கிறான், பை நிறையக் கல்லோடு, அவர் எதிரே வந்து நின்றிருக்கிறான், கொட்டிக் காட்டியிருப்பான், "இது என்ன கலர் சொல்லுங்க அத்தான்" என்று கேட்டும் இருப்பான், கேட்காமல் இருக்க மாட்டான் அவன்... சீ, என்ன நினைப்பு இது. பையைக் கண்டெடுத்திருப்பார், அவனை மட்டும் காணாமல் பையை மட்டும் கண்டிருப்பார், எங்களிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, தன் பைக்குள் கொட்டிக்கொண்டார், கடைசியாக அவன் தொட்டதாயிற்றே, மெருகேற்றி என் கையில் கொடுக்கலாம் என்று... நடக்கக் கூடியதுதானே? நடக்கக் கூடியதுதான். ஆனால் அவர் பொறுக்கிய கல் எங்கே? மத்தியானம் வரைக்கும் பொறுக்கினேன் என்றாரே, அந்தக் கையில் ஒரு கல்லாவது இருந்திருக்க வேண்டாமா, மத்தியானம் வரைக்கும் அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது? அவருக்குத் தெரியாது, பாவம், இவை காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது, ஒரு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு கழுவியவர் கண்ணுக்கு இவை வெறும் மண்.

கேட் சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம், சீக்கிரம் வந்துவிட்டார். மறைக்க வேண்டும் என்று தோன்றியது, எதை எங்கே மறைப்பது, துண்டு முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன். வாசலில் வந்து நின்றார், ரப்பர் வாடையோடு. "பெல்ட் அறுந்துடுச்சு, அதான் எடுத்தேன், காஞ்சிடும்னு" என்றேன், குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் திட்டவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார், கணக்குப் புரியாத பிள்ளை பலகையைப் பார்ப்பதுபோல. பிறகு மெல்ல வந்து, எல்லாவற்றிலும் பெரியதை, அந்த மாதுளைச் சிவப்பை, சரியாக அதையே எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை. கையை இறக்கினார், கல்லைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இது என்ன கலர்?"

தினமும் கேட்கிற அதே குரல்தான், சாக்ஸை நீட்டுவதுபோலத்தான் நீட்டினார், நான் இந்த ஒரு விஷயத்தில் இவரிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, இவர் கண்ணுக்கு நான்தான் சிவப்பு, என் வாய்க்குள் இருபது பெயர் தயாராக நின்றது, நாக்கு மண்போல வறண்டிருந்தது.

"பழுப்பு" என்றேன்.

"எல்லாமா?"

"எல்லாம் பழுப்புதான்."

கல்லைத் துண்டின்மேல் வைத்தார், எடுத்த இடத்திலேயே. நெஞ்சு ஏறி இறங்க ஒரு பெருமூச்சு விட்டார், சற்று முன்பு டிரம்மைத் திறந்தபோது வந்ததே, அதே அளவு மூச்சு. "அப்ப சரி" என்றார், என் தோளிலிருந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார், டீ போடச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். குழாயில் தண்ணீர் விழுகிறது, நான் அடுப்பைப் பற்றவைக்கிறேன், பாலை எடுத்து வைக்கிறேன், அப்ப சரி என்றாரே... பழுப்பாக இருந்தால் சரி. சிவப்பு என்று சொல்லியிருந்தால் எது சரியில்லாமல் போயிருக்கும்?