சிவப்புப் பாவாடை

நியூ ஜெர்சியில் 1776 டிசம்பர் மாதம் சிவப்புத் துணிக்கு இருந்த கிராக்கி ரொட்டிக்குக்கூட இல்லை. இங்கிலாந்து ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தால் பாதுகாப்புச் சீட்டு கொடுத்தார்கள். சீட்டு வாங்கியவன் வாசல் கதவில் சிவப்புத் துணியை ஆணியடித்து மாட்டுவான். ராஜாவின் படை அந்த வீட்டைத் தொடாது என்று பேச்சு.

நானும் மாட்டினேன். சாராயக்கடையில் மேசைமேல் ஏறி "சுதந்திரம்!" என்று தொண்டை கிழியக் கத்திய இதே ஓபதையா ரன்யன்தான். பெற்ற மகன் ஜோபை முதுகில் தட்டிப் படைக்கு அனுப்பியவனும் நான்தான். பக்கத்துப் பண்ணை ஷட்ராக் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்; சண்டைக்கும் வரமாட்டார், சத்தியமும் செய்யமாட்டார். அவரை ஊர் நடுவே கோழை என்று திட்டியிருக்கிறேன். எங்கள் படை தோற்றுப் பின்வாங்கியதும் என் வீரம் ஒரே வாரத்தில் வற்றிவிட்டது. செத்துப்போன மனைவியின் சிவப்புக் கம்பளிப் பாவாடையை எடுத்துக் கிழித்தேன்.

ஷட்ராக் கதவைப் பார்த்துச் சிரித்தார். "என்ன ஓபதையா, உனக்குப் பதிலா உன் கதவு வெட்கப்படுதா?"

"நீயும் போய்ச் சீட்டு வாங்கிக்க. இல்லன்னா பசுவை ஓட்டிட்டுப் போயிடுவாங்க."

"நான் யாருக்கும் சத்தியம் பண்றதில்ல. பசுகிட்டயும் சொல்லிட்டேன்."

மூன்றாம் நாள் காலை ஜோப் வாசலுக்கு வெளியே வந்து நின்றான். படையிலிருந்து பின்தங்கிவிட்டவன். காலில் பூட்ஸ் இல்லை, கந்தல் சுற்றியிருந்தான், கந்தலெல்லாம் ரத்தம். சன்னல் வழியே பார்த்தேன். அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். தாழ்ப்பாளில் கை வைத்தேன். கலகக்காரனை உள்ளே விட்டால் சீட்டு செல்லாது, பண்ணை போகும், என் கழுத்தும் போகலாம். வைத்த கை வைத்தபடியே இருந்தது. பிள்ளை திரும்பி ஷட்ராக் வீட்டுப் பக்கம் நொண்டி நடந்தான். என்னைவிடக் கேவலமான அப்பன் அந்த மாகாணத்தில் இருந்தானா, தெரியாது.

மறுநாள் ராஜா கூலிக்குப் பிடித்த ஜெர்மன் சிப்பாய்கள் வந்தார்கள். இங்கிலீஷ் எழுத்தும் தெரியாது, சிவப்புத் துணி எதற்கு என்றும் தெரியாது. சீட்டை நீட்டினேன். ஒருவன் அதைச் சுருட்டிப் புகைக்குழாய் பற்றவைத்தான். என் பன்றிகள் எல்லாம் போயின. ஷட்ராக்கின் பசுவும் போனது. ஆனால் அவருக்குப் பசு மட்டும்தான் போனது.

கிறிஸ்துமஸ் மறுநாள் எங்கள் படை டிரென்டனில் ஜெயித்தது. கொஞ்ச நாளில் ஊரில் ஒரு கதவிலும் சிவப்பு இல்லை. நானும் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டுச் சாராயக்கடையில் மறுபடி மேசை ஏறினேன். யாரும் சிரிக்கவில்லை. பாதிப்பேர் என் ஜாதிதான்.

மார்ச் மாதம் ஜோப் வந்தான், ஷட்ராக் அன்று கழற்றிக் கொடுத்த பூட்ஸைத் திருப்பித் தர. வேலியருகே மறித்தேன்.

"உள்ள வாடா. சூப்பு கொதிக்குது."

"நேரமில்லப்பா."

"அன்னிக்கு நீ வந்தது எனக்குத் தெரியாதுடா. பார்த்திருந்தா..."

"சன்னல் கண்ணாடியில உங்க மூச்சு படிஞ்சிருந்துச்சுப்பா." கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அத விடுங்க. அம்மா பாவாடையில மிச்சம் ஏதாச்சும் இருக்கா? இருந்தா எனக்குக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

மிச்சம் இருந்தது. ராஜாவின் படை திரும்பி வந்தால் வேண்டியிருக்குமே என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தேன்.

"இல்லடா," என்றேன்.