ஓடைக்கு ஒரு நாற்காலி

அந்த நகர மன்றத்தில் ஓடைக்கு ஒரு நாற்காலி இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருந்தது. மெத்தை வைத்த நாற்காலி. அதற்கு நேராக மேசையில் "ஓடை" என்று ஒரு பெயர்ப்பலகை. ஒரு தத்துவப் பேராசிரியர் வந்து, இயற்கை நம்முடைய சொத்து இல்லை, நம்மோடு சமமாக உட்கார வேண்டிய உறுப்பினர் என்று கண் கலங்கப் பேசினார். கைதட்டல் ஓய்வதற்குள் நாற்காலி வந்துவிட்டது. பேராசிரியரையே மன்றத்துக்கு ஆலோசகராகவும் வைத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் படம் வந்தது. அதோடு சரி. அப்புறம் அந்த நாற்காலியில் ஹெல்மெட் உட்கார்ந்தது, நனைந்த குடை உட்கார்ந்தது, உறுப்பினர் பல் டாக்டரம்மாவின் கைப்பை உட்கார்ந்தது. ஓடை மட்டும் உட்காரவே இல்லை.

மன்றத்தில் ஒரு பழைய விதி உண்டு. தலைவர் "சம்மதமா?" என்று கேட்கும்போது வாயைத் திறக்காதவர் சம்மதித்தவர். ஆக, தெருவிளக்குக்கு ஓடை சம்மதித்தது, நாய் பிடிக்கும் வண்டிக்குச் சம்மதித்தது, கழிப்பறைக்கு ஓடு ஒட்டுவதற்கும் சம்மதித்தது. அப்படி ஓர் உறுப்பினர் எந்த மன்றத்துக்குக் கிடைப்பார், சொல்லுங்கள். எதிர்த்துப் பேசாது, டீ கேட்காது.

இதையெல்லாம் எழுதியவள் குறிப்பம்மா. கூட்டக் குறிப்பு எழுதும் வேலை என்பதால் எல்லோருக்கும் அவள் குறிப்பம்மாதான். தலைவர் மட்டும் "பாப்பா" என்பார். அவர் அவளுடைய தாய்மாமா. நாற்பது வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கண் மங்கிப்போய்த் தையல் மிஷினை மூடிவைத்த கணவனோடு அவள் குடித்தனம் நடத்துவது இந்தச் சம்பளத்தில்தான். மாமாவுக்கு அது தெரியும். அது அவருக்குத் தெரியும் என்று இவளுக்கும் தெரியும்.

ஒரு நாள் கூட்டத்துக்கு வந்த தீர்மானம் இதுதான்: ஓடையைக் கான்கிரீட் போட்டு மூடி, மேலே கார் நிறுத்துமிடம் கட்டுவது.

"கடைத்தெருவுல வண்டி நிறுத்த இடமில்லை. இது ஊருக்கே நல்லது" என்றார் மாமா.

"அதுல மீன் கீன் இருந்தாலாவது யோசிக்கலாம்" என்றார் இரும்புக்கடைக்காரர். "குடிக்க முடியாது, குளிக்க முடியாது. அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"கொசுதான்" என்றாள் பல் டாக்டரம்மா.

குறிப்பம்மாவுக்கு ஓடைமேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. தினமும் அதன் ஓரமாகத்தான் வேலைக்கு வருவாள். வெயில் காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவாள். ஆனாலும் "யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று அவர் கேட்ட கேள்வி அவளைச் சுருக்கென்று தைத்தது. வீட்டில் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷனைப் பற்றியும் இதே கேள்வியை இதே குரலில் சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். உபயோகம் என்ன என்று கேட்காமல் இவர்கள் எதையுமே உயிரோடு விடமாட்டார்களா?

மாமா ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் சரி என்றார்கள். ஓடை சம்பந்தப்பட்ட விஷயத்தில் எல்லா நாற்காலியும் சம்மதிக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் தீர்மானம் செல்லாது. பேராசிரியர் கண் கலங்கிய வேகத்தில் அன்றைக்கு எழுதிவைத்த நிபந்தனை அது. மாமா கடைசியாகக் காலி நாற்காலி பக்கம் திரும்பினார்.

"ஓடைக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா?"

கைப்பை பேசாமல் உட்கார்ந்திருந்தது.

"இல்லை. ஏகமனதா நிறைவேறிச்சு. எழுதிக்கோ பாப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். குறிப்பம்மாவின் பேனா நகரவில்லை. தன்னைப் புதைக்க ஓடை தானே தலையாட்டியது என்று எழுத வேண்டுமாம்!

"எழுத முடியாது மாமா" என்றாள். ஆபீஸில் அவரை அவள் "சார்" என்றுதான் சொல்வாள். அன்றைக்கு வாய் தவறிவிட்டது. "ஓடை கூட்டத்துக்கு வரல. வராதவங்களுக்கு ஓட்டு இல்லை. அதுவும் விதிதானே?"

"நாற்காலி இருக்கே?"

"நாற்காலி இருக்கு. ஓடை எங்க இருக்கு?"

இரும்புக்கடைக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அவர் முகத்தில் கோபமும் இல்லை, வேறு என்னவோ ஓடியது. மணியை அடித்துப் பியூனைக் கூப்பிட்டார். "ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போய் ஓடையிலேர்ந்து தண்ணி புடிச்சிட்டு வாய்யா" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். டீ குடித்து முடிப்பதற்குள் பியூன் வந்துவிட்டான். பல் டாக்டரம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மெத்தை நனையக்கூடாது என்று ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பாட்டிலை வைத்தார்கள்.

"இந்தா, உறுப்பினர் வந்தாச்சு" என்ற மாமா, ஆலோசகராக மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் பக்கம் திரும்பினார். "பேராசிரியர் சார், நீங்களே கேட்டுருங்க. உங்க ஆளுதானே."

இப்போதாவது அந்த மனுஷன் எழுந்து "என்னய்யா அக்கிரமம் இது?" என்று கத்துவார் என்று குறிப்பம்மா எதிர்பார்த்தாள். அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பாட்டிலுக்கு முன்னால் லேசாகக் குனிந்து, "உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், பாவி! கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் காத்திருந்தார். அப்புறம் மன்றத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"நாம ஒரு தப்பு பண்றோம். மனுஷன் வேற, இயற்கை வேறன்னு நினைக்கிறோம். நாமும் இயற்கைதான். அப்போ நம்ம விருப்பமும் இயற்கையோட விருப்பம்தானே? தண்ணீர் எந்தப் பாத்திரத்துல ஊத்தினாலும் அந்த வடிவத்தை ஏத்துக்கும். எதிர்க்காம இருக்கிறதுதான் அதோட ஞானம். இந்த மௌனத்தை நான் சம்மதமாத்தான் கேக்கறேன்."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பிள்ளையின் கழுத்தை நெரித்துவிட்டுத் தாலாட்டும் பாடுகிறவரை அன்றைக்குத்தான் குறிப்பம்மா பார்த்தாள்.

பல் டாக்டரம்மா குனிந்து பாட்டிலை உற்றுப் பார்த்தாள். "ஐயய்யோ, உள்ள புழு நெளியுது!"

"கொசு இருக்குன்னு அதுவே ஒத்துக்கிச்சு பாருங்க" என்றார் இரும்புக்கடைக்காரர். ஒரே சிரிப்பு. பியூன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கைகழுவும் தொட்டியில் ஊற்றினான்.

குறிப்பம்மா எழுத ஆரம்பித்தாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கூட்டம் முடிவதற்குள் குறிப்பை உரக்க வாசிக்க வேண்டும், அதன் பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், கடைசியில் எழுதியவள் போட வேண்டும். அதுதான் அங்கே நடைமுறை. எழுதியவள் கையெழுத்து இல்லாவிட்டால் அந்தத் தாள் பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும்.

எழுந்து நின்று வாசித்தாள். "ஓடை ஒரு பாட்டிலில் கொண்டுவரப்பட்டது. செய்தித்தாள் விரித்து நாற்காலியில் வைக்கப்பட்டது. ஆட்சேபம் உண்டா என்று பேராசிரியர் பாட்டிலைக் கேட்டார். பாட்டில் பதில் சொல்லவில்லை. அது சம்மதம் என்று எண்ணப்பட்டது. உள்ளே ஓர் உயிர் நெளிந்தது. உறுப்பினர்கள் சிரித்தார்கள். பிறகு ஓடை கைகழுவும் தொட்டியில் ஊற்றப்பட்டது."

வாசித்து முடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு முகமாவது சுருங்கும், ஒரு தலையாவது குனியும், "ஏம்மா, இதையெல்லாமா எழுதுவாங்க" என்று யாராவது ஒருவர் வெட்கப்படுவார் என்று நம்பித்தான் எழுதியிருந்தாள். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே படுவார்கள்! எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இரும்புக்கடைக்காரர் முதல் ஆளாகப் பேனாவைத் திறந்தார். பல் டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போட்டாள். பேராசிரியர் தன் கையெழுத்தைப் போட்டு, கீழே "ஓடைக்காக" என்று எழுதி இன்னொன்றும் போட்டார்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்கம்மா" என்றார் அவர். "இதோட நகல் ஒண்ணு எனக்கு வேணும். ஒரு கருத்தரங்குல வாசிக்கலாம்."

தாள் சுற்றி வந்து அவள் முன்னால் நின்றது.

"போடு பாப்பா. நேரமாச்சு" என்றார் மாமா.

"போடமாட்டேன்."

"ஏன்? அதுல இருக்கறது பொய்யா?"

"அத்தனையும் நிஜம். அதனாலதான் போடமாட்டேன். நிஜத்தை எழுதி முகத்துக்கு நேரா வாசிச்சா மனுஷங்க நிறுத்திடுவாங்கன்னு நினைச்சேன்."

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அந்த ஓடை உனக்கு யாரு? அத்தையா, சித்தியா? அதுக்காகப் பேச நீ யாரு?"

"அதுக்காக நான் ஒரு வார்த்தை பேசல மாமா. அதுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாது. இங்க யாருக்கும் தெரியாது. நான் எழுதினது பூரா உங்களைப் பத்தி."

மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது.

"வீட்டுல அவன் கண்ணு தெரியாம உக்காந்திருக்கான். சோறு எங்கேர்ந்து வருதுன்னு நினைப்பு இருக்கா உனக்கு? அந்த நாத்தம் புடிச்ச தண்ணிக்காக, தாய்மாமன் மூஞ்சியில கரி பூசுறியே!"

அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது; அழுதால் அதையும் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். தாளை மாமா பக்கம் தள்ளினாள்.

"நாறட்டும் மாமா. நாறினா அது உங்களுதாயிடுமா?"

அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள், மேசை டிராயர் சாவியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்குத் தீர்மானம் நிறைவேறவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வேறு ஓர் ஆள் வந்து எழுதும், கையெழுத்தும் போடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுந்து வெளியே போனாள்.