வரம்பில் நின்று சொன்ன ஓம்

எங்கட ஊரில் பன்றியின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். "அது" என்பார்கள். அது வயலைக் கிண்டும், வரம்பை உடைக்கும், ஒரு போகத்து உழைப்பை ஒரே இரவில் சேறாக்கும், ஆனால் பெயர் மட்டும் சொல்லக்கூடாது. நான் சொல்கிறேன். பன்றி. சொன்னதால் என் நாக்கு அழுகிப் போகவில்லை.

வீடு சாய்ந்தமருதில். வயல் சவளக்கடையில், மாரியில் தண்ணி மூடிப் பாயும் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து போகவேண்டும். வாப்பா அப்துல் ஸமட்டுக்கு அந்தச் சின்ன வயலைத் தவிர வேறு தொழில் தெரியாது. அதில்தான் என்னைப் படிப்பித்தார். எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். பட்டத்தை வைத்துக்கொண்டு வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவதுதான் இப்போதைக்கு என் உத்தியோகம்.

முன்பெல்லாம் இவ்வளவு பன்றி இல்லை. இப்போது தாயும் குட்டியுமாகக் கதிர் பால் பிடிக்கும்போதே இறங்கிவிடுகின்றன. அரசாங்க அலுவலகத்தில் போய் முறைப்பட்டால் பட்டாசு கொளுத்துங்க என்றார்கள். கொளுத்தினோம். பன்றிகள் அதற்கும் பழகிவிட்டன. வாப்பா சுடுவதற்குத் துவக்குக்கு அனுமதி கேட்டார். வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

எங்களுக்கு இருந்தது பூபாலபிள்ளை மட்டும்தான். பக்கத்துத் தமிழ் ஊர்க்காரர், நாயும் வலையும் ஈட்டியுமாகப் பன்றி வேட்டைக்குப் போகிறவர். செத்த பன்றியை நாங்கள் தொடமாட்டோம். நஜீஸ், அசுத்தம். பட்ட இடத்தை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்து. ஆகவே எங்கள் ஆட்களின் எந்த வயலில் அது விழுந்தாலும் பூபாலபிள்ளைக்குப் போனில் கோல் போகும். வந்து, காலில் கயிறு போட்டு இழுத்து, உர பேக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். எங்களுக்கு வயல் துப்புரவு, அவருக்கு இறைச்சி.

"உங்களுக்குச் சொர்க்கம், எனக்குக் கறி, போடியார்" என்பார். போடியார் என்றால் வயலும் ஆளுமாக நிறைய வைத்திருப்பவர். வாப்பாவை அப்படிக் கூப்பிடுவது அவருடைய நக்கல். வாப்பாவும் விடமாட்டார். மறுமையில் அதுகள் எல்லாம் வரிசையில் நின்று உன்னைக் கேள்வி கேட்கும் பூபாலம், அப்ப என்னைக் கூப்பிடாத என்பார். இருவரும் வாய்க்கால் கரையில் குந்தியிருந்து சிரிப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். வாப்பா வீட்டில் அப்படிச் சிரிப்பதில்லை.

ஆனால் ஒரு மனிதர் எத்தனை வயலுக்கு ஓடுவது? போன மாரிப்போகத்தில் எங்கள் வயலின் கீழ்க்கண்டம் முழுதும் போய்விட்டது. இந்த முறை வாப்பா தண்ணி மோட்டருக்கு எடுத்த கரண்ட் லைனில் இருந்து வயலைச் சுற்றிக் கம்பி இழுத்தார். சட்டத்துக்கு மாறு என்று தெரியும். சுற்றியிருந்த எல்லாரும் இழுத்திருந்தார்கள். பூபாலபிள்ளை மட்டும் வேண்டாம் என்றார். வாப்பா கேட்கவில்லை. அன்றிலிருந்து பூபாலபிள்ளை தன் நாய்களை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் எங்கள் பக்கம் வருவார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காவலுக்கு வயலில் இருந்த ஓலைக் குடிசை வாடியில் படுத்திருந்த வாப்பா, விடியப் பள்ளிவாசலுக்குப் போய்ச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பார்க்கையில் பெரிய ஆண் பன்றி ஒன்று வாடி வாசலில் கம்பி சுற்றிச் செத்துக் கிடந்தது. உதைத்து உதைத்து வாசலையே சேற்றுக் குழியாக்கியிருந்தது. சுவிச் வாடிக்குள் இருந்தது. ஜும்ஆத் தொழுகை நாள். வாப்பா வெள்ளைச் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரம்பில் நின்றபடியே பூபாலபிள்ளைக்குக் கோல் எடுத்தார்.

நான் தேத்தண்ணியோடு போய் ஸ்கூட்டியை நிறுத்தும்போது பூபாலபிள்ளை சேற்றில் இறங்கியிருந்தார். குனிவதற்கு முன் ஒரு தரம் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"போடியார், கரண்ட் நிப்பாட்டியா?"

"ஓம் ஓம். அது விழுந்தா பியூஸ் போயிரும்தானே. நீ இழு."

வாப்பா பொய் சொல்லவில்லை. அதுவரைக்கும் பன்றி விழுந்த ஒவ்வொரு தரமும் பியூஸ் போய்த்தான் இருந்தது. ஆனால் வாடிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் பல்ப் எரிவது தெரிந்திருக்கும். எட்டிப் பார்க்க அந்தச் சேற்றை மிதிக்கவேண்டும். மிதித்தால் கழுவவேண்டும்.

பூபாலபிள்ளை பன்றியின் பின்னங்காலைப் பிடித்தார். சத்தம் ஒன்றும் வரவில்லை. குந்தினவர் எழும்பவில்லை, அவ்வளவுதான்.

வாப்பா வாடியின் பின்பக்கம் ஓடி, ஓலையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்து சுவிச்சை நிப்பாட்டினார். பின்பக்கம் காய்ந்த தரை. ஓலையைப் பிய்க்க எவ்வளவு நேரம் எடுத்தது என்கிறீர்கள்? நான் ஓடிப்போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. பிறகு முன்வாசலால் வந்தார். பன்றியை மிதித்துக்கொண்டு வந்தார். பூபாலபிள்ளையைத் தூக்கி மடியில் போட்டு, பூபாலம், பூபாலம் என்று முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நெஞ்சு வரைக்கும் சேறு.

மக்கீன் மாமா ஆட்களோடு வந்துவிட்டார். உம்மாவின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிறவர். வாப்பாவை வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போய், மண் கரைத்து ஊற்றிக் கழுவக் கழுவ, என்ன சொல்லவேண்டும் என்று படிப்பித்தார். கூப்பிட்டதைச் சொல்லக்கூடாது. இறைச்சிக்கு ஆசைப்பட்டு அவன் தன்பாட்டில் வந்து கை வைத்துவிட்டான். கேட்டால், போனில் கதைத்தது வேறு விஷயம்.

அப்ப அவரைக் கள்ளனாக்கப் போறீங்களா என்று கேட்டேன். மாமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ படிச்ச புள்ள. வாப்பா உள்ளுக்குப் போனா, மறுகா உன்ட பட்டத்தக் கொண்டா வயல் உழுற?"

ஆஸ்பத்திரி விறாந்தையில் மரண விசாரணை நடந்தது. பூபாலபிள்ளையின் பெண்சாதி நேசம்மா நிலத்தில் இருந்தார். தலை கலைந்திருந்தது, அழவில்லை. விசாரணை அதிகாரி கேட்டபோது வாப்பா மாமா சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார். அவர் தன்பாட்டில வந்தவர், நான் கூப்பிடல்ல என்றார். நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

நேசம்மா தலையைத் தூக்கினார்.

"தேத்தண்ணி ஊத்தி வெச்சனான், போடியார். நீங்க கூப்பிட்ட எண்டு குடியாமப் போனவர்."

வாப்பாவின் தாடை ஆடியது. கவலையில் பிதற்றுகிறா, பாவம் என்றார் மாமா. அதிகாரி பேனையை எடுத்தார். வாப்பா சொன்ன வசனம் எழுதப்பட்டால், என்னைச் சின்னதில் தோளில் வைத்துத் தாம்போதித் தண்ணியைக் கடத்திவிட்ட மனிதர் பன்றி திருடப் போய்ச் செத்தவராகிவிடுவார். அவருடைய பேரப்பிள்ளைகள்வரை அதைக் கேட்டுத்தான் வளரும். எழுதப்படாவிட்டால் வாப்பா உள்ளுக்குப் போவார்.

"வாப்பாதான் கூப்பிட்ட" என்றேன். "கரண்ட் நிப்பாட்டியா எண்டு அவர் கேட்டவர். வாப்பா ஓம் எண்டு சொன்ன பிறகுதான் கை வெச்சவர். நான் என்ட காதால கேட்ட."

மாமா என் கையைப் பிடித்து முறுக்கினார். வாப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நேசம்மா எனக்கு நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? என்னைக் கிட்டக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கால் கழுவ வாய்க்கால்ல தண்ணியா இல்ல, புள்ள?"

தொட்டால் கழுவு என்றுதான் மார்க்கத்தில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. தொடாமல் இருப்பதற்கு இன்னொருவனை இறக்கிவிடு என்று எங்கும் சொல்லவில்லை. அதை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம்.

வாப்பாவை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள். ஊருக்கு நான் வாப்பாவை விற்றவள். உம்மா சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்கிறா. கம்பியைப் பொலிஸ் கழற்றிக்கொண்டு போய்விட்டது. காவலுக்கு ஆள் இல்லை. கூப்பிடவும் ஆள் இல்லை.

பார்க்கப் போனபோது வாப்பா மெலிந்திருந்தார். வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சொன்னதைப் பற்றியும் கதைக்கவில்லை. வயல் என்ன மாதிரி என்றார். கீழ்க்கண்டம் முடிந்துவிட்டது, மேல்பக்கமும் பாதி போய்விட்டது என்றேன். பொய் சொல்லி ஆறுதல்படுத்த எனக்கு வராது. அவர் கம்பிவலையில் நெற்றியை வைத்தார்.

"நேசம்மாட வீட்ட போனியா?"

"போன, வாப்பா. கதவு திறக்கல்ல."

"மறுகாவும் போ, மகள்."

நேரம் முடிந்தது என்று காவலாளி சொன்னார். வாப்பா திரும்பி நடந்தார். சலாம் சொல்ல மறந்துவிட்டார். நானும்தான்.