நெற்றியில் ஒரு ஓட்டை

பலகையில் தன் முகத்தை வரைந்து முடித்து, நெற்றி நடுவில் துளைக்கருவியை வைத்து ஃபாஹிரா அழுத்திய அழுத்தில், ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்திருக்கும். விரல் நுழையும் ஓட்டை. ஒன்றாயிருந்த நாடு உடைந்து ஸ்லோவேனியா தனிநாடான புதிதில், நகராட்சி அலுவலகத்தில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, படத்தில் அதே இடத்தில்தான் துளை போட்டார்கள். போஸ்னியாவில் பிறந்தவளாம், பதிவிலிருந்து நீக்கியாயிற்றாம். ஊர் ஆலைக்கே சூப்பு காய்ச்சிப் போட்டவளுக்கு அன்றிலிருந்து வேலை கிடையாது, வைத்தியம் கிடையாது. பதினோரு வருஷம் கழித்துத்தான் அட்டை திரும்பி வந்தது.

இப்போது அதே நகராட்சி, ஆளுக்கொரு பலகை கொடுத்து, 'குடியுரிமை என்றால் என்ன? வரைந்து வாருங்கள், ஊர் வழக்கப்படி தேனீப் பெட்டிகளின் முகப்பில் மாட்டுவோம்' என்று அழைத்திருந்தது. ஊரே வரைந்தது. மலை, கொடி, கொடி பிடித்த மலை, மலை ஏறிய கொடி.

மாட்டும் நாளில் பொறுப்பாளராக நின்றவர் போகொமிர். அன்று துளை போட்ட அதே கை.

"படம் பிரமாதம்மா. அந்த ஓட்டைய மட்டும் பட்டி வெச்சு அடைச்சிடுவோம். மொத வரிசைலயே மாட்டிடலாம்." ஓட்டை அடைக்கும் பட்டி மாவு, உருண்டையாகக் கையிலேயே இருந்தது.

"நீங்க போட்ட ஓட்டைய நான் எதுக்குங்க அடைக்கணும்?"

"நானா?"

"நீங்களேதான். போட்டுட்டு, தலையக்கூட நிமித்தாம 'அடுத்த ஆளு'ன்னீங்க."

"அது சட்டம்மா. கை மட்டுந்தான் என்னோடது."

"இதுல கையும் என்னோடது, நெத்தியும் என்னோடது. அடைக்க மாட்டேன்."

"அப்ப மாட்ட முடியாது."

ஃபாஹிராவுக்குக் காது மடல் கொதித்தது. பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பினாள். அதற்குள் தேனீ வளர்க்கும் நெஷ்கா போட்ட கூச்சலில் மாதாகோயில் மணியே ஆடியது.

"அட புண்ணியவானே! எல்லாப் பெட்டியையும் சவப்பெட்டி மாதிரி மூடி வெச்சிருக்கியே, வாசல் எங்கடா? மேயப்போனதுங்க எப்படி உள்ள வரும்?"

அலுவலகம் அறுத்துக் கொடுத்து, காலையிலேயே மாட்டியிருந்த பலகை ஒன்றிலும் தேனீ நுழைய வாசல் இல்லை. லிண்டன் மரத்துப் பூக்களிலிருந்து திரும்பிய தேனீக்கள் கொடியில் முட்டின, மலையில் முட்டின, கறுப்புத் தாடியாய்த் திரண்டு தொங்கின.

ஃபாஹிரா யாரையும் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியின் கொடிப் பலகையைப் பிடுங்கிப் புல்லில் போட்டுவிட்டுத் தன் முகத்தை அங்கே பொருத்தினாள். போகொமிர் ஓரடி முன்னால் வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

ஒரு தேனீ அவள் தீட்டிய புருவத்தில் உட்கார்ந்தது. கால் நிறைய மகரந்தம். மெல்ல நடந்து, ஓட்டையின் விளிம்பை முகர்ந்து, உள்ளே போனது. பின்னாலேயே இன்னொன்று. போகொமிரின் விரல்களுக்கிடையில் பட்டி காய்ந்துகொண்டிருந்தது.